வீட்டிலிருந்து வேலை: நாற்காலி வாங்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது கம்ப்யூட்டர் வேலையில் இருந்த நம் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு கதிர்காமம் என்றாலே புதுச்சேரி மக்களுக்கு நினைவில் வந்தது இங்குள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். கொரோனா சிகிச்சைக்கென அதை ஒதுக்கியிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சோதனை கடந்துவிட்டது. ஆனால் லேப்டாப்போடு வந்த வேலையில் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கிவிட்டது. சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் நிறுவனத்துக்கு, வாரத்தில் சில நாட்களாவது நம் வீட்டு முன்னறையிலிருந்து வேலை பார்க்கும் இளைஞர்களும் பெண்களும் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள்.

குறிப்பாகப் பெண்கள். திருமணமான பின், குழந்தை பிறந்த பின், வெளியூர் போய்த் தங்க முடியாத பெண்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. அவர்களின் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுக்கும் குடும்பங்களும், தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டும் குடும்பங்களும் உண்டு. அந்தப் பெண் ஒன்பது மணி நேரம் எதில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தால் விருந்தாளிக்குப் போடும் பிளாஸ்டிக் சேர், இல்லையென்றால் டைனிங் டேபிள் நாற்காலி, அதுவும் இல்லையென்றால் கட்டிலின் ஓரம். ஓராண்டுக்குள் இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, காலில் மரமரப்பு எல்லாம் வந்துவிடுகின்றன.

"நல்ல சேர் ஒன்று வாங்கித் தரலாம்தான், ஆனால் அது வீண்செலவு ஆகிவிடாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை விருந்தினர் அமரும் சோபாவுக்குச் செலவழிக்கும்போது வராத இந்தக் கேள்வி, தினமும் ஒருவர் அமர்ந்து சம்பாதிக்கும் இருக்கைக்கு மட்டும் வருவது நியாயமில்லை. இஸ்ராஃப் என்பது தேவைக்கு மேல் செலவழிப்பது. உடலுக்கு நாம் கொடுக்க வேண்டிய ஹக் அந்தக் கணக்கில் வராது. தேவையே இல்லாத அம்சங்களுக்காக மிகப் பெரிய விலை கொடுப்பது வேண்டுமானால் வீண்விரயம் ஆகலாம். எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரை.

உட்காருவதற்கு இருக்கை தருவது சட்டமே வலியுறுத்தும் விஷயம். நின்றுகொண்டே வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இடம் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிய பின் 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கையைக் கட்டாயமாக்கின. புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி என்பதால் தமிழ்நாட்டுத் திருத்தம் இங்கே பொருந்தாது. எங்கே பொருந்தினாலும், நம் வீட்டு முன்னறைக்குள் வந்து நாற்காலியைச் சோதிக்கும் ஆய்வாளர் யாருமில்லை. அந்தப் பொறுப்பு குடும்பத்தினுடையது.

உடலை அளந்த பிறகே கடைக்கு

சட்டை வாங்கும்போது அளவு கேட்கிறோம், செருப்பு வாங்கும்போது காலைவிட்டுப் பார்க்கிறோம். நாற்காலியை மட்டும் படத்தைப் பார்த்து, விலையைப் பார்த்து, எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்கிவிடுகிறோம். 1994-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 'ஏரான்' என்ற புகழ்பெற்ற அலுவலக நாற்காலியை வெளியிட்டபோது அதை ஏ, பி, சி என்று சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் செய்தது. அவ்வளவு விலை கொடுத்து அதை வாங்கச் சொல்லவில்லை. நாற்காலிக்கும் அளவு உண்டு என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நம் கடைகளுக்கு வரும் பெரும்பாலான நாற்காலிகள் ஒரே அளவில்தான் வருகின்றன. அந்த ஓர் அளவும் ஐந்தரை அடிக்கு மேல் உயரமுள்ள ஆணுக்கே சரியாக இருக்கும்.

நம் வீட்டுப் பெண்கள் பலரின் உயரம் ஐந்தடியை ஒட்டித்தான் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் வெறுங்காலோடு தரையில் பாதம் பதித்து உட்கார்ந்தால், தரையிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை ஏறக்குறைய 15 அங்குலம். வெறுங்கால் என்பதை மறக்கக் கூடாது. அலுவலகத்தில் ஷூ போட்டிருப்போம், அதில் ஓர் அங்குலம் கூடும். வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சாதாரண அலுவலக நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் இருக்கை 17, 18 அங்குலத்தில் நின்றுவிடும். மிச்சமுள்ள இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கால் தொங்குகிறது. தொங்கும் காலின் எடை தொடையின் அடிப்பகுதியை இருக்கையின் விளிம்பில் அழுத்துகிறது. மாலையில் கால் மரத்துப்போவதற்கும் கணுக்கால் வீங்குவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

ஆகவே முதல் அளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை.

இரண்டாவது அளவு, பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. ஐந்தடிக்காரருக்கு இது 17, 18 அங்குலம் இருக்கும். இருக்கையின் ஆழம் அதைவிட இரண்டு மூன்று விரற்கடை குறைவாக இருக்க வேண்டும், அதாவது 16 அங்குலம் போல. பெரிய 'பாஸ் சேர்' வகைகளில் ஆழம் 19, 20 அங்குலம் இருக்கிறது. அதில் முதுகைச் சாய்த்தால் விளிம்பு முழங்காலின் பின்னே இடிக்கும். இடிக்காமல் உட்கார்ந்தால் சாய்மானம் எட்டாது. பிறகு அந்த அழகான சாய்மானத்துக்குக் கொடுத்த காசு எதற்கு? இதற்காகவே இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியுள்ள நாற்காலிகள் இருக்கின்றன. ஒரே நாற்காலியைப் பகலில் மகளும் இரவில் மகனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீடுகளில், எந்த அம்சத்தை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மூன்றாவது அளவு முழங்கை. தோளைத் தளர்த்தி, கையை மடக்கி உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து முழங்கை வரை எட்டு, ஒன்பது அங்குலம் இருக்கும். இது நாற்காலிக்கு மட்டுமல்ல, மேசைக்கும் வேண்டிய அளவு.

மேசைதான் பாதிக் காரணம்

நல்ல நாற்காலி வாங்கியும் வலி போகவில்லை என்பவர்கள் மேசையை அளந்து பாருங்கள். டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். ஐந்தடிப் பெண் கால் தரையில் படும்படி உட்கார்ந்தால் அவருடைய முழங்கை 23, 24 அங்குலத்தில் இருக்கும். மேசை அதற்கு மேலே ஆறு அங்குலம். கீபோர்டைத் தொட அவர் நாள் முழுக்கத் தோளை உயர்த்தியபடியே இருக்கிறார். கழுத்துப் பிடிக்காமல் என்ன செய்யும்? நாற்காலியை உயர்த்தினால் கை சரியாகிவிடும், ஆனால் கால் அந்தரத்தில் தொங்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாற்காலியை மேசைக்கு ஏற்ப உயர்த்திவிட்டு, காலுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்கு உறுதியான மரப்பெட்டி ஒன்றை வைப்பது. இரண்டு பாதங்களும் முழுமையாகப் பதியும் அளவுக்கு அது அகலமாக இருக்க வேண்டும். மற்றொன்று, நமக்கு அதிகம் பிடித்தது, வீட்டில் பழைய மர மேசை இருந்தால் ஆசாரியிடம் கொடுத்துக் கால்களை அறுத்து 26 அங்குலமாக்குவது. அப்போது நாற்காலியை 17 அங்குலத்தில் வைத்து, காலுக்கு இரண்டு அங்குல மணைப்பலகை ஒன்றைப் போட்டால் ஐந்தடிக்காரருக்கு எல்லாம் பொருந்திவிடும். மணையை எடுத்துவிட்டால் ஐந்தடி எட்டு அங்குல அண்ணனும் அதே மேசையில் உட்காரலாம். அவருக்கும் முழங்கை ஏறக்குறைய 26 அங்குலத்தில்தான் வரும். நம் வயதுக்காரர்களுக்குப் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மேசைகள் நினைவிருக்கும். எழுதும் மேசையைவிட அவை தாழ்வாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

லேப்டாப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கை சரியான உயரத்தில் இருந்தால் பார்வை கீழே போகும், பார்வையைச் சரிசெய்தால் கை மேலே போகும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பைத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி ஒரு பெட்டியின் மேல் உயர்த்தி வைப்பதுதான் வழி. அதற்குக் கிதாபுகளை அடுக்கி வைக்க வேண்டாம், காலி அட்டைப்பெட்டி போதும்.

சாய்மானம், கைப்பிடி, மற்றவை

"நிமிர்ந்து உட்கார்" என்று நம் தாய்மார்கள் சொல்லி வளர்த்தார்கள். கூன் போடாதே என்பதுவரை அது சரி. ஆனால் குச்சி நட்டதுபோல் விறைப்பாக உட்காருவது முதுகுக்கு ஓய்வல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களிலிருந்து தன்னார்வலர்களின் முதுகெலும்பு வட்டுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமில்லாமல் உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் கூடுவதையும், முன்னே குனிந்தால் இன்னும் ஏறுவதையும், பின்னே சாய்ந்தால் குறைவதையும் கண்டார். 1999-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று, நிற்பதற்கும் உட்காருவதற்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை என்று திருத்தியது. குனிந்தால் கூடும், சாய்ந்தால் குறையும் என்பது அதிலும் மாறவில்லை. எனவே லேசாகப் பின்னே சாய்ந்து, அந்தச் சாய்விலும் முதுகைத் தாங்கும் நாற்காலியே நமக்கு வேண்டும். சாயும் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கையின் அடியில் ஒரு திருகு இருக்கும். எடை குறைந்தவர்கள் அதைத் தளர்த்திக்கொள்ளாவிட்டால் நாற்காலி அவர்களை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். வாங்கி ஈராண்டு ஆகியும் அந்தத் திருகைத் தொட்டே பார்க்காதவர்கள் பலர்.

இடுப்பு வளைவைத் தாங்கும் மேடு, சுடிதாரின் நாடா கட்டும் இடத்துக்குச் சற்று மேலே பட வேண்டும். அது மேலும் கீழும் நகரக்கூடியதா என்று பாருங்கள். நகராத மேடு ஐந்தடிக்காரரின் விலாவில் போய் இடிக்கும். தலை சாய்க்கும் பகுதி டைப் செய்யும் நேரத்தில் எதற்கும் உதவாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் ஆசைப்படும் 'கேமிங் சேர்' பந்தயக் கார் இருக்கையைப் பார்த்துச் செய்த வடிவம். வளைவில் திரும்பும் காரில் உடல் சரியாமல் இருக்க இருபக்கமும் உயர்ந்த விளிம்பு வேண்டும். வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை.

கைப்பிடி உயரம் மாறுவதாக இருக்கட்டும். மாறாத கைப்பிடி மேசையில் இடித்து நாற்காலியை உள்ளே போகவிடாது, உட்காருபவர் முன்னே குனிவார், சாய்மானம் வீணாகும். அப்படிப்பட்ட நாற்காலி ஏற்கனவே வீட்டில் இருந்தால், திருகைக் கழற்றிக் கைப்பிடிகளையே எடுத்துவிடுங்கள். அடிப்பகுதி ஐந்து கால்களோடு இருக்க வேண்டும். நான்கு கால் சக்கர நாற்காலி சாயும்போது கவிழும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்குவது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. உட்காரும் முன் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும், சிறு பிள்ளைகளை ஓடும் நாற்காலியின் அருகே விடவும் கூடாது. டைல்ஸ் தரையில் கெட்டி நைலான் சக்கரம் வழுக்கும். மென்மையான ரப்பர் போன்ற சக்கரமா என்று கேட்டு வாங்குங்கள்.

உயரத்தை ஏற்றி இறக்குவது நைட்ரஜன் அடைத்த ஒரு சிலிண்டர். உட்கார்ந்த சிறிது நேரத்தில் நாற்காலி தானாக இறங்குகிறது என்றால் அதன் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். நாற்காலியை எறிய வேண்டியதில்லை, சிலிண்டரை மட்டும் மாற்றலாம். விளம்பரங்களில் 'பிஃப்மா' என்ற பெயர் வரும். அது அமெரிக்க மரச்சாமான் உற்பத்தியாளர் சங்கத்தின் சோதனை முறை. நாற்காலி உடையாது, கவிழாது, நெடுநாள் உழைக்கும் என்பதையே அது முக்கியமாகச் சோதிக்கிறது. உங்கள் மகளின் காலுக்குப் பொருந்துமா என்பதற்கு அது சான்று தராது.

கடற்காற்றும் வெக்கையும்

புதுச்சேரிக்கும் இருக்கைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. உலகப் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நாகாஷிமா 1930-களின் பிற்பகுதியில் இங்கே தங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதி கட்டும் பணியைக் கவனித்தார். அவ்விடுதிக்கான மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த தொழிலின் தொடக்கம் நம் ஊரில்தான். அந்தக் கட்டடத்துக்கு நிஜாம் அரசின் நன்கொடையைப் பெற்றுத் தந்தவர் ஹைதராபாத்தின் திவான் சர் அக்பர் ஹைதரி என்பதும், அதனாலேயே கோல்கொண்டாவின் பெயர் அதற்கு வந்தது என்பதும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. காற்று எப்படி வரும், வெயில் எப்படி விழும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடம் அது.

நாற்காலி வாங்கும்போதும் நம் ஊர்ப் பருவநிலையைப் பார்க்க வேண்டும். பளபளப்பான செயற்கைத் தோல் உறை நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்துவிடும். அந்த வகை உறையில் இருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தால் சிதைவது அதன் இயல்பு. வியர்வையும் அதில் ஒட்டும். ஏசி இல்லாத அறைக்கு முதுகில் வலை போட்ட மெஷ் நாற்காலியே ஏற்றது. உட்காரும் பகுதிக்கு, அச்சில் வார்த்த கெட்டியான ஃபோமின் மேல் துணி உறை போட்டது நல்லது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை விரலில் பட்டால் அந்தக் குஷன் ஓராண்டு தாங்காது. பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் சுகம். ஆகவே கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வராதீர்கள். கூச்சப்படாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். உட்கார வேண்டியவரையே அழைத்துச் செல்லுங்கள். மகளுக்கு வாங்கும் நாற்காலியில் அத்தா உட்கார்ந்து பார்த்து வாங்கி வருவதில் பயனில்லை.

புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் பழைய அலுவலகச் சாமான் விற்கும் கடைகளைப் பார்க்கலாம். பெயர் தெரியாத புது நாற்காலியைவிட, கோத்ரெஜ், ஃபெதர்லைட் போன்ற அலுவலகத் தயாரிப்புகளில் பழையதே மேல் என்பது நம் கருத்து. அடிப்பகுதியில் விரிசல், இருக்கையின் கீழே துரு, சிலிண்டர் இறங்குகிறதா, மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் ஒரு நாள் போட்டு எடுத்த பிறகு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

அதற்கும் வழியில்லையா? இருக்கிற மர நாற்காலியே போதும். குளியல் துண்டை இறுக்கச் சுருட்டி இரு முனைகளிலும் கட்டி, இடுப்பு வளைவில் வையுங்கள். இருக்கை ஆழம் அதிகம் என்றால் முதுகுக்குப் பின்னே கெட்டித் தலையணை வையுங்கள், ஆழம் குறைந்துவிடும். காலுக்கு மணை. இவ்வளவு செய்தாலே பாதி வலி குறைந்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

எந்த நாற்காலியானாலும் தொடர்ந்து உட்காருவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு எட்டு நடக்க வேண்டும். மதரஸாவில் நாள் முழுதும் தரையில் அமர்ந்து ஓதியவர்கள் நாம். அங்கே சம்மணம், மண்டியிடுதல், பாடம் ஒப்பிக்க எழுந்து போதல் என்று உடல் மாறிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் வேலையில் அந்த மாற்றம் இல்லை. லுஹரும் அஸரும் வேலை நேரத்துக்குள்தான் வருகின்றன. தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சியாக எண்ணித் தொழக் கூடாது. ஆனால் பாங்கு சொன்னதும் எழுந்து ஒளு செய்யப் போகிறவரின் முதுகுக்கு அந்த நேரத்தில் ஓர் இளைப்பாறல் கிடைப்பதும் உண்மை. மீட்டிங் இருக்கிறது என்று தள்ளிப்போடும் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம். நாற்காலியில் அமர்ந்து தொழுவது பற்றிய மஸ்அலாக்கள் வேறு, அவற்றை இங்கே கலக்கவில்லை.

வலி காலுக்குள் இறங்கினால், பாதத்தில் உணர்வு குறைந்தால், கால் பலமிழந்தால் நாற்காலியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளின் உட்பகுதி மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.